களமும் அவையும்: குத்துச்சண்டை வீரரைத் தேர்தலும் ஆக்கலும்

வீரனைப் பாடுவது ஒன்று. வீரன் உருவாகும் முறையைப் பாடுவது மற்றொன்று. தமிழில் முன்னது மிகுதி, பின்னது அருகிய வழக்கு. நாம் வாழும் ஆரணி வட்டாரத்தில், போளூருக்கு அண்மையில் உள்ள திருமலைக் குன்றில், முதலாம் இராசேந்திர சோழனின் 13ஆம் ஆட்சியாண்டு மெய்க்கீர்த்தி பொறிக்கப்பட்டுள்ளது. இடைதுறை நாடு தொடங்கிக் கங்கை ஈறாக அவன் கொண்ட நாடுகள் அதில் வரிசையாக நிற்கின்றன. அந்நாடுகளைக் கொண்ட படை எங்கே திரட்டப்பட்டது, யார் பயிற்றினர், எவரை முன்னணியில் நிறுத்தினர் என்பவற்றுக்கு அங்கு இடமில்லை. இதனைக் குறை என்று கூறற்க. மெய்க்கீர்த்தியின் இலக்கணமே அது. ஆயினும், வெற்றியை மட்டும் காட்டி ஆக்கத்தை மறைக்கும் இப்போக்கு மெய்க்கீர்த்தியோடு நின்றதா என்பது ஆராயத்தக்கது.

ஆராய்தற்கு வாய்ப்பாக அண்மைக் காலத்தில் இரண்டு தமிழ்ப் படைப்புகள் தோன்றியுள்ளன. சுதா கொங்கராவின் 'இறுதிச்சுற்று' 2016இலும், பா. இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' 2021இலும் வெளிவந்தன. இரண்டும் திரைப்படங்கள், இரண்டும் குத்துச்சண்டையைப் பொருளாகக் கொண்டவை. ஏட்டில் எழுதியதே இலக்கியம் என்னும் கொள்கையுடையார் இவற்றைத் தமிழாய்வின் எல்லைக்குள் கொணர உடன்படாமற் போகலாம். கூத்தையும் நாடகத்தையும் முத்தமிழுள் அடக்கிய மரபினர்க்கு இதில் தயக்கம் வேண்டுவதில்லை. இப்படைப்புகளின் உயிர்நிலை சண்டைக் காட்சிகளில் இல்லை. களத்தில் இறங்கத் தக்கவன் யார், அதனை யார் முடிவு செய்வது என்ற வினாவிலேயே அது உள்ளது. இந்தியக் குத்துச்சண்டை உலகை நீதிமன்றம் வரை இழுத்துச் சென்ற வினாவும் இதுவே.

முதற்கண் பழம்பாடல்களை நோக்குவோம். புறநானூற்றின் 80, 81, 82ஆம் பாடல்கள் சாத்தந்தையார் பாடியவை. 83, 84, 85ஆம் பாடல்கள் பெருங்கோழிநாயகன் மகள் நக்கண்ணையார் பாடியவை. ஆறும் போர்வைக்கோப்பெருநற்கிள்ளியைப் பற்றியன. அவன் ஆமூர் மல்லனோடு பொருத செய்தி இவற்றால் அறியப்படுகிறது. அது மற்போரே அன்றிக் குத்துச்சண்டை அன்று என்பதை மறக்கலாகாது. எனினும், ஒருவரோடொருவர் கையால் பொரும் போரைத் தமிழ்ப் புலமை எவ்வாறு கண்டது என்பதற்கு இவற்றினும் சிறந்த சான்று இல்லை.

82ஆம் பாடல் விரைவை அளக்கிறது. ஊரில் விழா தொடங்கிவிட்டது, இல்லில் மனைவி பேறுகாலத் துன்பத்தில் இருக்கிறாள், பொழுது சாய்கிறது, மழையும் பெய்கிறது. அந்நிலையில் கட்டிலுக்கு வார் பின்னி முடிக்கவேண்டிய தொழிலாளியின் கையூசி எத்துணை விரைந்து செல்லும்? அத்துணை விரைவு அப்போரில் இருந்தது என்கிறார் புலவர். அத்தொழிலாளியைப் பாடல் இழித்த சொல்லால் சுட்டுகிறது. ஆயினும் அரசன் மகனின் கைவிரைவைக் காட்டுதற்கு அவன் ஊசியைத் தவிர வேறோர் அளவை புலவர்க்குக் கிட்டவில்லை. உடலின் நுண்திறம் உழைக்கும் கையில் முன்பே குடிகொண்டிருக்கிறது என்ற உண்மை, கூறுவோர் எண்ணாமலே, உவமையின் வழியாக வெளிப்பட்டுவிட்டது. சார்பட்டாவின் தலைமகன் கபிலன் துறைமுகத் தொழிலாளி. இறுதிச்சுற்றின் மதி மீன் விற்பவள். இவ்விருவரையும் காணுங்கால் நமக்கு அந்த ஊசி நினைவுக்கு வருகிறது. ஆரணியின் குழித்தறியில் பாவுக்கும் ஊடைக்கும் இடையே காலும் கையும் கண்ணும் ஒருங்கு இயங்கக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

85ஆம் பாடல் இன்னும் ஆழமானது. இவ்வூர் அவன் ஊர் அன்று. இந்நாடும் அவன் நாடு அன்று. ஆகவே வென்றவன் அவனே என்று ஒரு சாரார் கூறுகின்றனர். வெற்றி அவனதன்று என்று மற்றொரு சாரார் கூறுகின்றனர். நக்கண்ணையாரோ பனைமரத்தைச் சார்ந்து நின்று தம் கண்ணாலேயே அவன் வெற்றியைக் கண்டதாகப் பாடுகிறார். கைக்கிளைத் திணைக்கு இப்பாடல் சிறந்த எடுத்துக்காட்டு என்று கூறி அமைதலே உரையாளர் வழக்கம். நாம் இதில் வேறொன்றும் காண்கிறோம். களத்தில் நிகழ்ந்தது ஒன்று; அதன்மேல் வழங்கிய தீர்ப்பு இரண்டு; தீர்ப்பு பிளவுபட்டதற்குக் காரணம் வீரனின் ஊர். நடுவர் சார்பு என இன்று நாம் கூறும் குற்றத்தின் முதற்பதிவு தமிழில் இதுவாகலாம்.

1988இல் சியோல் ஒலிம்பிக்கில் நிகழ்ந்தது இதன் மறுதலை. அமெரிக்க வீரர் ராய் ஜோன்ஸ் இறுதிப் போட்டியில் மேம்பட்டு ஆடியதை அரங்கமே கண்டது. ஆயினும் நடுவர் ஐவருள் மூவர் உள்நாட்டு வீரர் பார்க் சி-ஹூனுக்கு வெற்றி வழங்கினர். அதே விளையாட்டு விழாவின் சிறந்த குத்துச்சண்டை வீரர் என்ற பரிசும் தோற்ற ஜோன்சுக்கே வழங்கப்பட்டமை அத்தீர்ப்பைத் தானே மறுத்துரைப்பது போலாயிற்று. அதன்பின் 1992இல் பார்சிலோனாவில் கணினிப் புள்ளிமுறை புகுந்தது. நடுவர் ஐவருள் மூவரேனும் ஒரு நொடிக்குள் பொத்தானை அழுத்தினாலன்றிக் குத்து கணக்கில் சேராது. மனிதர் சார்பை எந்திரத்தால் அகற்ற முயன்ற அம்முறையும் நிலைக்கவில்லை. 2013இல் சுற்றுக்குப் பத்துப் புள்ளி வழங்கும் முறை மீண்டது. 2016 ரியோ போட்டிகளில் தீர்ப்புகள் முறைகேடாக வளைக்கப்பட்டன என 2021இல் மெக்லாரன் விசாரணை அறிக்கை கூறியது. உலகக் குத்துச்சண்டைச் சங்கம் 2023இல் ஒலிம்பிக் குழுவின் ஏற்பை முற்றும் இழந்தது. புதிதாக எழுந்த 'வேர்ல்டு பாக்சிங்' அமைப்புக்கு 2025இல் தற்காலிக ஏற்பு கிடைத்த பின்னரே 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் விழாவில் இவ்விளையாட்டுக்கு இடம் உறுதியாயிற்று. நக்கண்ணையார் பனையடியில் நின்று எழுப்பிய ஐயம் ஒரு விளையாட்டின் வாழ்வையே அசைக்கும் ஆற்றல் உடையது என்பதற்கு இவ்வரலாறு சான்று.

இவ்வளவும் களத்தைப் பற்றியன. களத்திற்கு முன்பு நிகழ்வது யாது? மேற்கூறிய ஆறு பாடல்களும் அதுபற்றி வாய் திறவா. கிள்ளி எவரிடம் மற்பயின்றான் என்பதை அவற்றால் அறியக் கூடவில்லை. அவன் தந்தை தித்தன் இப்போரைக் காணவேண்டும், கண்டு மகிழினும் மகிழாவிடினும் சரி என்ற 80ஆம் பாடலின் வேட்கை ஒன்றே, வீரனுக்குப் பின்னால் ஒரு குடும்பம் உண்டென்று காட்டுகிறது.

ஆக்கத்தைப் பற்றிய பாட்டு 312ஆம் பாட்டு, பொன்முடியார் பாடியது. ஈன்று வளர்த்தல் தாயின் கடன். சான்றோனாக்குதல் தந்தையின் கடன். வேல் வடித்துக் கொடுத்தல் கொல்லனின் கடன். பின்னர் வேந்தன் கடன். இறுதியில் களிறெறிந்து மீளுதல் காளையின் கடன். தாயின் கடமையுணர்வைப் போற்றும் பாட்டென்றே இதனைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். நம் நோக்கில் இது வீரனை ஆக்கும் பொறுப்பைப் பலர்மேல் பகுத்து வைக்கும் பாட்டு. வீரன் கடன் இறுதியில் வருகிறது. அதற்கு முன் நால்வர் தத்தம் கடனைச் செய்து முடித்திருக்கவேண்டும். எவரேனும் ஒருவர் தவறின், களத்தில் நின்று தோற்பவனை மட்டும் பழிப்பதில் பொருளில்லை.

வேந்தன் கடன் யாது என்பதில் பாடவேறுபாடு உண்டு. 'நன்னடை' என்பது ஒரு பாடம். 'தண்ணடை' என்பது மற்றொன்று. முன்னதைக் கொள்வோர் நல்லொழுக்கம் பயிற்றுதல் வேந்தன் கடன் என்பர். பின்னதைக் கொள்வோர் மருத நிலத்தைக் கொடையாக வழங்குதல் என்பர். ஒழுக்கம் பயிற்றும் பொறுப்பு தந்தையின் கடனிலேயே அடங்கிவிட்டமையானும், வேந்தன் நிலம் வழங்குதல் புறத்திணைகளில் பெருவழக்காதலானும், 'தண்ணடை' என்பதே நமக்கு ஏற்புடைத்தாகத் தோன்றுகிறது. சுவடிக்குள் நின்றுவிடும் வேறுபாடு அன்று இது. அரசு வீரனுக்குத் தரவேண்டியது அறிவுரையா, வாழ்வுக்குரிய வழியா என்ற கேள்வியே அதனுள் இருக்கிறது. இறுதிச்சுற்றில் மதியின் தமக்கை லட்சுமி குத்துச்சண்டை பயில்வது விளையாட்டு ஒதுக்கீட்டில் காவல்துறை வேலை பெறுதற்காக. படம் அவளைப் பொறாமைக்காரியாகத் தீட்டி, தங்கையின் கைக்குக் கேடு செய்பவளாகவும் ஆக்கிவிடுகிறது. இவ்விடத்தில் இயக்குநரோடு நாம் மாறுபடுகிறோம். தண்ணடையை நாடிக் களத்துக்கு வந்தவள் லட்சுமி. புறநானூற்று மறவனும் அதனை நாடியே வந்தான். பிழைப்புக்காக விளையாடுபவர் தாழ்ந்தவர், விளையாட்டுக்காகவே விளையாடுபவர் உயர்ந்தவர் என்ற எண்ணம் ஆங்கிலச் செல்வர் நமக்கு விட்டுச்சென்ற 'அமெச்சூர்' கொள்கையின் எச்சம். ஒலிம்பிக் குழுவே அதனைக் கைவிட்டது. 2016 முதல் ஊதியம் பெறும் தொழில்முறை வீரரும் ஒலிம்பிக் குத்துச்சண்டையில் பங்கு பெறலாம். இந்தியாவில் இவ்விளையாட்டை நெடுங்காலம் தாங்கியவை இராணுவம், இரயில்வே, காவல்துறை ஆகியவற்றின் வேலைகளே. லட்சுமியின் ஆசை இழிந்ததன்று. அமைப்பு அவளுக்கு விட்டுவைத்த ஒரே படிக்கட்டு அது.

இனிச் சார்பட்டா. 'பரம்பரை' என்ற சொல்லே இப்படத்தின் திறவுகோல். வடசென்னையில் சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை எனப் பயிற்சிக் குழுக்கள் வழங்கின. 'ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை' என்று சுவரொட்டிகள் அறிவித்தன. பயிற்றுபவர் 'வாத்தியார்' எனப்பட்டார். ஆங்கிலச் சிப்பாய்களிடமும் கப்பல்காரர்களிடமும் கண்ட விளையாட்டைத் துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் தமதாக்கிக்கொண்டு, அதற்குத் தம் சொற்களையே இட்டனர். பரம்பரை என்பது இங்கே பிறப்பால் வரும் வழியன்று, ஆசான் வழி. இலக்கண உரைகளில் ஆசிரிய மாணாக்க மரபைச் சுட்ட வழங்கும் பொருளே இது. ஆயினும் அச்சொல்லின் மற்றொரு பொருளாகிய குருதிவழி அருகிலேயே நிற்கிறது. இவ்விரு பொருளுக்கும் இடையே எழும் மோதலே சார்பட்டாவின் கதை என்பது நம் துணிபு.

ரங்கன் வாத்தியாரின் மகன் வெற்றிச்செல்வன் தந்தை தன்னைத் தேர்ந்தெடுப்பார் என்று எதிர்பார்க்கிறான். குருதிவழி அவன் உரிமை. தணிகாவின் உறவினனாகிய ராமன் முதலில் தெரிந்தெடுக்கப்படுகிறான். அங்கும் உறவும் சாதிச் செருக்கும் பின்னின்று இயங்குகின்றன. கபிலனுக்கோ இரண்டும் இல்லை. முறையாகக் கையுறை அணிந்து பயின்றவனும் அல்லன். இளமை முதல் எட்ட நின்று பார்த்துப் பார்த்தே கற்றவன். வாத்தியாரை இழித்துரைத்த ராமனோடு, பரம்பரையினர் கண்முன் மோதி வென்ற பின்னரே அவனுக்கு இடம் கிடைக்கிறது. படத்தின் தலைசிறந்த பகுதி இதுவே. எதிரணியின் வேம்புலியோடு நிகழும் சண்டைகள் ஊக்கம் தருவன. இத்தேர்வுக் காட்சியோ சிந்திக்கச் செய்வது. தெரிவு எவ்வளவு மறைவாக நடப்பினும், திறம் வெளிப்பட ஒரு திறந்த களம் போதும் என்று அது கூறுகிறது. டான்சிங் ரோஸை எதிர்த்து ஆடும் ஆட்டம் அத்தெரிவுக்கு ஒரு சோதனை. கபிலனை வேம்புலிக்கு முன்னர் இன்னொரு வல்லானோடு மோதவிட்டதில் வாத்தியாரின் அறிவு புலனாகிறது. ஒரே ஆட்டத்தை நம்பித் தெரிவு செய்தல் தகாது என்பதை அவர் அறிந்திருக்கிறார்.

குறையும் உண்டு. கபிலன் வீழ்ந்து, சாராயத்தில் அழிந்து, மீண்டெழும் பகுதியில் அவனைப் பயிற்றும் பீடி ராயப்பன் சிறிது நேரமே தோன்றுகிறார். ஆண்டுக்கணக்கில் நிகழவேண்டிய உடற்பயிற்சி ஒரு பாட்டின் அளவுக்குள் அடங்கிவிடுகிறது. திருமலை மெய்க்கீர்த்தியின் மனப்பாங்கு திரையிலும் தொடர்வதை இங்கே காண்கிறோம். எவ்வூரை வென்றான் என்பது தெரிகிறது, எவ்வாறு வென்றான் என்பது புலப்படவில்லை. மேலும், பரம்பரைகளுக்கிடையே எழும் மானம் பரம்பரைக்குள்ளேயே முற்றுப்பெறுகிறது. மாவட்டம், மாநிலம், நாடு என்று மேலேறும் ஏணி கதையில் இல்லை. நெருக்கடிநிலைக் காலத்துச் சென்னை என்பதால் அது பொருந்தும் என வாதிக்கலாம். எனினும் உண்மை வாழ்விலும் அவ்வாறே நிகழ்ந்தது என்பதே வருந்தத்தக்கது. முகமது அலி 1980இல் சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடும் அளவுக்கு இந்நகரில் இவ்விளையாட்டின்மேல் பற்று இருந்தது. அப்பற்றிலிருந்து ஒலிம்பிக் பதக்கம் எதுவும் பிறக்கவில்லை. சென்னை வீரர் வி. தேவராஜன் 1994இல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வென்றார். 1995ஆம் ஆண்டுக்குரிய அர்ஜுனா விருதும் பெற்றார். அவரைப் போன்றோர் சிலரே.

ஹரியாணாவின் பிவானியில் நிகழ்ந்தது வேறு. ஜகதீஷ் சிங் என்ற பயிற்சியாளரின் குத்துச்சண்டைக் கழகத்தோடு தொடர்புடைய அவ்வூர், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு விஜேந்தர், அகில் குமார், ஜிதேந்தர் முதலியோரை அனுப்பியது. அகிலும் ஜிதேந்தரும் காலிறுதி எட்டினர். விஜேந்தர் 75 கிலோ பிரிவில் வெண்கலம் பெற்றார். ஒலிம்பிக் குத்துச்சண்டையில் இந்தியாவின் முதற்பதக்கம் அதுவே. 2012இல் மேரி கோமும் டோக்கியோவில் லவ்லினாவும் பெற்ற வெண்கலங்களோடு, 2024 பாரிஸ் விழா முடிய இந்தியா பெற்றவை மூன்றே. பிவானியிலும் ஒரு வாத்தியார் இருந்தார். வடசென்னையிலும் வாத்தியார்கள் இருந்தனர். பிவானியில் வாத்தியாரின் கூடத்திலிருந்து தேசிய முகாமுக்குப் படி இருந்தது. வடசென்னையில் பயிற்சி பரம்பரையின் மானத்தை நோக்கியது. மூன்று சுற்று, சுற்றுக்கு மூன்று நிமிடம் என்ற ஒலிம்பிக் ஆட்டத்தின் கணக்கு வேறு.

வாத்தியார் ஒருவரே போதுமா என்பதும் கேட்கத்தக்கது. இதற்கு விடை வீரப்பாடல்களில் இல்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் உள்ளது. மாதவி ஐந்தாம் அகவையில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டில் அரங்கேறுகிறாள். அவளைப் பயிற்றியவர் ஒருவர் அல்லர். ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் எனப் பலர். ஒவ்வொருவருக்கும் உரிய தகுதியை இளங்கோவடிகள் தனித்தனியே விரித்துரைக்கிறார். அரங்கின் அளவும் கூறப்படுகிறது. இறுதியில் அரசன் அவைமுன் தலைக்கோலும் 1008 கழஞ்சும் வழங்குகிறான். இளம்பருவத்துத் தொடக்கம், பலதுறை ஆசிரியர், அளவறிந்த களம், அவைமுன் தேர்வு, அரசின் கொடை ஆகியவை ஒருங்கே அமைந்த இந்நிரல், ஒரு கலைஞனையோ வீரனையோ ஆக்குதற்குரிய நிரலாகவே உள்ளது. இன்றைய தேசிய முகாமில் பயிற்சியாளர், மருத்துவர், உணவியலாளர், உளவியலாளர், உடலியக்க வல்லுநர் எனப் பலர் கூடுவதும் அதே நெறி. நம் புலவர் ஆடல்மகளுக்கு இதனை விரித்துரைத்தனர். மற்போர் வீரனுக்கு உரைக்கவில்லை. காரணம் ஆராய்தற்குரியது.

இனித் தேர்வைப் பற்றிய வழக்கு. ஒலிம்பிக்கில் ஒரு நாட்டுக்கு ஓர் எடைப்பிரிவில் ஒருவரே ஆடலாம். 2008இல் ஆடவர்க்குப் பதினொரு பிரிவுகள் இருந்தன, மகளிர்க்கு ஒன்றுமில்லை. பாரிஸில் ஆடவர்க்கு ஏழு, மகளிர்க்கு ஆறு. இரண்டாம் இடத்தில் நிற்பவர் எத்துணைச் சிறந்தவராயினும் வீட்டில் இருந்தே காண வேண்டும். 2019இல் மேரி கோமைத் தெரிவுப் போட்டியின்றியே ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்கு அனுப்பக் கூட்டமைப்பு எண்ணியபோது, இளையவரான நிகத் சரீன் நேர்மையான போட்டி வேண்டி விளையாட்டுத்துறை அமைச்சருக்கு எழுதினார். அவ்வாண்டு டிசம்பர் 28இல் தில்லியில் போட்டி நடந்தது. மேரி கோம் 9-1 என வென்றார். தோற்றாலும் நிகத் கேட்டது தவறன்று. 2022இலும் 2023இலும் அவர் உலகப் பட்டம் வென்றார். கபிலனும் ராமனும் மோதிய காட்சி திரைக்கு வருவதற்கு ஈராண்டு முன்பே, அதே வழக்கு நாட்டின் தலைநகரில் நடந்து முடிந்திருந்தது.

2023இல் கூட்டமைப்பு முறையை மாற்றியது. ஒரு நாள் போட்டிக்கு மாற்றாக, முகாமில் பல நாள் பல கூறுகளையும் அளந்து மதிப்பிடும் முறை வந்தது. அமித் பங்கல் முதலிய வீரர் தில்லி உயர்நீதிமன்றத்தை அணுகினர். மஞ்சு ராணி உள்ளிட்ட மகளிரும் வழக்குத் தொடுத்தனர். நீதிமன்றம் தலையிடவில்லை. பங்கலுக்கு மாற்றாகச் சென்ற தீபக் போரியா அவ்வாண்டு தாஷ்கண்டு உலகப் போட்டியில் வெண்கலம் வென்றார். புதுமுறை சரியென்று அது காட்டியதாகக் கொள்ளலாம். ஆயின் 2024 மார்ச்சில் இத்தாலியின் பூஸ்டோ அர்சீசியோ தகுதிச் சுற்றில் இந்தியர் ஒருவரும் இடம் பெறவில்லை. அம்முறையை வகுத்த அயர்லாந்தினர் பெர்னார்டு டன் பதவி விலகினார். அதன்பின் பாங்காக்கில் நடந்த சுற்றில் பங்கல் மீண்டு வந்து பாரிஸுக்கு இடம் பெற்றார். ஆக, நிகழ்ச்சிகளை மட்டும் கொண்டு எம்முறை சிறந்தது என முடிவு கூறல் இயலாது. இரு பக்கமும் சான்று உண்டு.

முறையின் இயல்பை நோக்கவேண்டும். அதற்குத் தமிழில் இரண்டு கதைகள் உள்ளன. தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன் அரங்கேறியது. குற்றம் கூறினால் விடை கூறவேண்டும். வினாவும் விடையும் அவையறிய நிகழும். இறையனார் களவியல் உரை கூறும் கதையோ வேறு. சிறந்த உரை எது எனப் புலவர் மாறுபட்டபோது, உருத்திரசன்மன் என்னும் ஊமைப்பிள்ளை நடுவனாக அமர்த்தப்பட்டான். நக்கீரர் உரையைக் கேட்டபோது அவன் கண்ணீர் வார்த்து மெய்ம்மயிர் சிலிர்த்தான், அதுவே தீர்ப்பாயிற்று. ஊமை காரணம் கூறுவதில்லை. கூற வேண்டுவதும் இல்லை, அவன் உணர்வு பிழைபடாது என்பது அக்கதையின் நம்பிக்கை. முகாமில் நெடுநாள் கண்டு அறிந்த பயிற்சியாளரின் கண் இத்தகையது. அதன் மதிப்பை நாம் மறுக்கவில்லை. ஒருநாள் போட்டியில் எடையைக் குறைத்த களைப்பும், சிறு காயமும், எதிராளியின் இடக்கை நிலையும் சிறந்தவனை வீழ்த்தக்கூடும். நெடுநாள் காண்பவர் அவற்றைக் கழித்துக் காண்பர்.

ஆனால் கதையில் ஊமைக்கு உறவினன் இல்லை. அவன் எவர்க்கும் கடன்பட்டவன் அல்லன். உயிருள்ள தேர்வுக்குழு அவ்வாறன்று. இறுதிச்சுற்று முழுவதும் இவ்வுண்மையின்மேல் நிற்பது: பயிற்சியாளன் பிரபு மதியைக் கண்டறியும் கண் உருத்திரசன்மனின் கண்ணீர், அவளை வீழ்த்த முயலும் கூட்டமைப்பினரும் அதே மறைவுத் தேர்வின் அதிகாரத்தையே கையில் வைத்துள்ளனர். ஒரே கருவி ஒருவன் கையில் அருளாகவும் மற்றொருவன் கையில் கொடுமையாகவும் மாறுவதை இப்படம் காட்டுகிறது. ஆயினும் அக்கருவியைப் பற்றி எதுவும் கேளாமல், நல்லவனிடம் அது சேர்ந்தால் போதும் என்று அமைதி அடைந்துவிடுகிறது. அங்கே அதன் சிந்தனை நின்றுவிட்டது என்பது நம் கருத்து. சார்பட்டா ஒரு படி மேலே செல்கிறது. ரங்கன் வாத்தியார் நல்லவர், கண் உடையவர். அவரும் முதலில் ராமனையே தெரிந்தார். களம் அவரைத் திருத்தியது. கண்ணுக்கும் ஒரு களம் வேண்டும் என்பதை இப்படைப்பு உணர்ந்திருக்கிறது. ஆகவே மதிப்பீட்டு முறையைக் கைக்கொள்ளும் கூட்டமைப்பு அதங்கோட்டாசான் வழியையும் உடன் கொள்ளுதல் தகும்: அளவைகளை முன்னரே அறிவித்தல், பெற்ற மதிப்பெண்ணையும் அதற்குரிய காரணத்தையும் வீரன் கையில் எழுத்தாகக் கொடுத்தல், இடையே மிக நெருங்கி நிற்கும் இருவரை அவைமுன் மோதவிடுதல். வழக்குத் தொடுத்தோர் வேண்டியதும் பெரிதும் இதுவே.

தெரிவு முடிந்தபின் வரும் இழப்பும் உண்டு. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 57 கிலோ பிரிவில் பாரிஸுக்கு இடம் பெற்ற பர்வீன் ஹூடா, ஊக்கமருந்துச் சோதனைக்காகத் தம் இருப்பிடத்தை அறிவிக்கும் விதியில் தவறியமையால் 2024இல் தடை பெற்றார். நாடு பெற்ற இடமும் போயிற்று. ஜாஸ்மின் பாங்காக்கில் மீண்டும் பொருது அதனைப் பெற நேர்ந்தது. பன்னிரண்டு மாதத்தில் மூன்று முறை தவறினால் இத்தடை வரும். இருப்பிடம் எழுதியனுப்பும் இத்தகைய சிறு செயல்களைக் கற்பிப்பது யார் கடன்? பொன்முடியார் இன்று பாடின் ஐந்தாவது ஒருவரைச் சேர்த்திருப்பார் போலும்.

தாயின் கடனைப் பற்றி ஒன்று கூறவேண்டும். 312ஆம் பாட்டின் தாய் தன் கடனைத் தலைக்கடன் எனப் பெருமிதத்தோடு கூறுகிறாள். சார்பட்டாவின் பாக்கியமோ மகன் களத்தில் இறங்குவதை வெறுக்கிறாள். அவள் கணவனை அக்களத்தின் பெருமையே அடியாளாக்கி அழித்தது. கபிலனின் மனைவி மாரியம்மாள் அவ்விலையை மறுமுறை செலுத்துகிறாள். பழம்பாட்டின் தாய் பேசுவதை நாம் நெடுங்காலம் கேட்டோம். அவள் மறுத்துப் பேசினால் எவ்வாறிருக்கும் என்று பாக்கியம் காட்டுகிறாள். இப்படத்தில் காஞ்சித்திணையின் ஒலி கேட்கும் இடம் இது.

இப்பொருளில் ஆய்வு செய்ய விரும்பும் முதுகலை மாணவர்க்குச் செய்யவேண்டிய பணி நிரம்ப உள்ளது. வடசென்னைப் பயிற்சிக் கூடங்களில் வழங்கிய கலைச்சொற்கள், குத்து வகைகளுக்கு வாத்தியார்கள் இட்ட பெயர்கள், சுவரொட்டித் தமிழ், வீரர்க்குச் சூட்டிய பட்டங்கள், தோற்றவன் வீட்டில் பெண்கள் கூறிய சொற்கள் ஆகியவை இன்னும் முதியோர் நினைவில் உள்ளன. அவற்றை ஒலிப்பதிவு செய்து, பரம்பரை தோறும் பிரித்து, புறத்திணைத் துறைகளோடு ஒப்பிட்டுத் தொகுத்தல் வேண்டும். சாத்தந்தையார் கட்டில் பின்னுபவனின் ஊசியில் கண்ட அளவையைப் போல, துறைமுகத்துச் சுமைகூலியின் பேச்சில் எவை கிடைக்கும் என்பது அத்தொகுப்புக்குப் பின்னரே தெரியும்.